யாருக்கு யாருடைய ஒத்துழைப்பு தேவை? பாலஸ்தீனப் புறக்கணிப்புப் போராட்டங்களின் இடப்பெயர்ச்சி, 1936–2024

யாஃபாவில் கப்பல் கரையணைய முடியாது. கரையோரம் பாறை, ஆழமும் போதாது. கப்பல் சற்றுத் தள்ளிக் கடலில் நங்கூரமிடும். அரபுத் தோணிக்காரர்கள் போய்ச் சரக்கையும் ஆட்களையும் இறக்கிக்கொண்டு வருவார்கள். ஊருக்குப் பேர் வாங்கித் தந்த ஆரஞ்சுப் பெட்டிகளும் அதே தோணிகளில்தான் கப்பலுக்குப் போகும். 1936 ஏப்ரலில் இந்தத் தோணிகள் நின்றன. பாலஸ்தீனத்தின் முக்கியமான வாசல் ஒன்றைச் சில நூறு தொழிலாளர்கள் அடைத்துவிட்டார்கள். அடுத்த மாதமே, வடக்கே கூப்பிடு தூரத்தில் இருந்த டெல் அவிவ் கடற்கரையில் சரக்கிறக்க, அப்போது பாலஸ்தீனத்தை ஆண்ட பிரிட்டிஷ் அரசு அனுமதி கொடுத்தது. முதலில் சிமெண்ட் மூட்டைகள் வந்தன. பிறகு மரத்தால் ஓர் இறங்குதுறை எழுந்தது. வேலைநிறுத்தம் முடிந்தபோது யூதக் குடியேற்றச் சமூகத்துக்குச் சொந்தமாக ஒரு துறைமுகம் இருந்தது.

பாலஸ்தீன அறப்போராட்டங்களின் வரலாற்றைப் படிக்கும்போது இந்த இறங்குதுறை திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. ஆள்பவன் நம் ஒத்துழைப்பால்தான் ஆள்கிறான், அதைத் திரும்பப் பெற்றால் ஆட்சி விழும் என்பது ஒத்துழையாமையின் அடிப்படைக் கணக்கு. இந்தியாவில் அந்தக் கணக்கு பெருமளவு பலித்தது. அங்கே ஆள வந்தவர்களுக்கு இந்தியச் சிப்பாயும் இந்திய எழுத்தரும் இந்திய வரியும் வேண்டியிருந்தன. உள்ளூர்க்காரர்களின் உழைப்பில்லாமலே இயங்க வேண்டும் என்று நினைக்கும் எதிராளியிடம் இதே கணக்கு என்ன ஆகும்? பாலஸ்தீனத்தில் புறக்கணிப்பின் களம் உள்ளூர்க் கடைவீதியிலிருந்து வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கும் ஓய்வூதிய நிதியங்களுக்கும் நகர்ந்ததை இந்தக் கேள்வியைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம் என்பது என் வாதம். 'பாலஸ்தீனக் காந்தி எங்கே?' என்று மேற்கத்தியப் பத்திரிகைகள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி எனக்கு அலுப்பைத் தருகிறது. ஜீன் ஷார்ப், மேரி கிங், மாசின் கும்சியே போன்றோரின் ஆய்வுகளைப் புரட்டியவர்கள் அதைக் கேட்க மாட்டார்கள்.

ஆறு மாதக் கடையடைப்பு

1936க்கு முன்பே புறக்கணிப்பு பழகிய கருவிதான். 1923இல் சட்டமன்றத் தேர்தலை அரபு மக்கள் புறக்கணித்தார்கள். பிரிட்டிஷ் அரசு தேர்தல் முடிவையே கைவிட வேண்டியதாயிற்று. 1925இல் ஹீப்ரு பல்கலைக்கழகத் திறப்புக்கு, யூதத் தாயகத்துக்கு பிரிட்டனின் ஆதரவை அறிவித்த பால்ஃபர் பிரபு வந்தபோது கடைகள் அடைக்கப்பட்டன. 1929 அக்டோபரில் ஜெருசலேமில் கூடிய அரபுப் பெண்கள் மாநாடு, கோரிக்கைகளோடு நகர வீதிகளில் மோட்டார் ஊர்வலம் போனது.

1936இல் நடந்ததன் அளவே வேறு. முந்தைய ஆண்டில் மட்டும் 60,000க்கும் மேற்பட்ட யூதர்கள் வந்திறங்கியிருந்தார்கள். நாஜி ஜெர்மனியிலிருந்தும் போலந்திலிருந்தும் தப்பி வந்தவர்கள் அவர்களில் பலர். ஏப்ரலில் நாப்லுஸிலும் யாஃபாவிலும் உருவான தேசியக் குழுக்கள் பொது வேலைநிறுத்தத்துக்கு அழைப்பு விடுத்தன. ஏப்ரல் 25 அன்று ஜெருசலேம் முஃப்தி ஹாஜ் அமீன் அல் ஹுசைனி தலைமையில் அரபு உயர் குழு அமைந்தது. குடியேற்றத்தை நிறுத்து, நில விற்பனையைத் தடைசெய், மக்களுக்குப் பொறுப்பான தேசிய அரசை அமை என்பவை கோரிக்கைகள். மே மாதத்தில் வரிகொடா இயக்கமும் அறிவிக்கப்பட்டது. இயக்கத்தைத் தொடங்கியவர்கள் பிரபுக் குடும்பங்கள் அல்ல, ஊர்களில் இருந்த குழுக்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். தலைவர்கள் பின்னால் வந்து சேர்ந்தார்கள்.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். தமிழில் கடையடைப்பு, வேலைநிறுத்தம், உண்ணாவிரதம் என்று நாம் பிரித்துச் சொல்வதையெல்லாம் அரபியில் 'இத்ராப்' என்ற ஒரே சொல்லால் குறிப்பார்கள். உண்ணாவிரதம் 'உணவிலிருந்து இத்ராப்'. கடைக்காரர், தொழிலாளி, சிறைக்கைதி ஆகிய மூவர் செய்வதும் மொழியின் கணக்கில் ஒரே காரியம்தான்.

ஆனால் எல்லாரும் நிறுத்தவில்லை. அரபு அரசு ஊழியர்கள் வேலைக்குப் போனார்கள். சம்பளத்தில் ஒரு பங்கை நிதியாகத் தந்தார்கள், ஜூன் இறுதியில் மூத்த அதிகாரிகள் 137 பேர் அரசுக்குக் கோரிக்கை மனு கொடுத்தார்கள், அவ்வளவுதான். ரயில் ஓடியது. ஹைஃபா துறைமுகம் பெரும்பாலும் இயங்கியது. நாற்காலியைக் காலிசெய்தால் அதில் யார் உட்காருவார் என்ற பயம் இதன் பின்னால் இருந்தது. அது வெறும் கற்பனை அல்ல. 1920இல் தொடங்கிய ஹிஸ்தத்ருத் என்ற யூதத் தொழிலாளர் சம்மேளனம் 'ஹீப்ரு உழைப்பு' என்பதைக் கொள்கையாகவே வைத்திருந்தது. அரபுக் கூலிகளை வைத்திருந்த யூத ஆரஞ்சுத் தோட்ட முதலாளிகளின் வாசலில் அதன் ஆட்கள் மறியல் செய்தார்கள். பாலஸ்தீனத்தில் புறக்கணிப்பு இரு தரப்பும் கையாண்ட ஆயுதம். ஒரு தரப்பு அதை எதிர்ப்புக்குப் பயன்படுத்தியது, மற்றத் தரப்பு தனிப் பொருளாதாரம் கட்டப் பயன்படுத்தியது.

அரசின் பதிலடி யாஃபாவின் பழைய நகரில் விழுந்தது. நெருக்கமான சந்துகளில் படை நுழைய முடியவில்லை. ஜூன் மாதம் விமானத்திலிருந்து துண்டறிக்கை போட்டு, ஆட்களை வெளியேற்றி, வீடுகளை வெடிவைத்துத் தகர்த்துச் சாலை வெட்டினார்கள். நகர மேம்பாட்டுக்காகவும் சுகாதாரத்துக்காகவும் இடிக்கிறோம் என்று அறிவித்தது அரசு. தலைமை நீதிபதி மைக்கேல் மக்டானல் இந்தப் பொய்யை நீதிமன்றத்தில் வெளிப்படையாகக் கண்டித்தார். தீர்ப்பு அரசுக்குச் சாதகமாக வந்தபோதும் அவர் பதவி பறிபோனது.

அக்டோபரில் ஆரஞ்சுப் பருவம் நெருங்கியது. பழத்தை மரத்திலேயே அழுகவிட்டுவிட்டு யாரால் வேலைநிறுத்தம் செய்ய முடியும்? அண்டை அரபு மன்னர்கள் கேட்டுக்கொண்டார்கள் என்ற கௌரவமான காரணத்தோடு, ஏறத்தாழ ஆறு மாதத்துக்குப் பிறகு போராட்டம் முடிந்தது. அதற்குள் மலைப்பகுதிகளில் ஆயுதக் குழுக்கள் கிளம்பியிருந்தன. மறு ஆண்டு பிரிட்டன் அமைத்த பீல் ஆணையம் நாட்டைப் பிரிக்கச் சொன்னது. அதன்பின் 1939 வரை நடந்தது ஆயுதக் கிளர்ச்சி. அது நசுக்கப்பட்டபோது பாலஸ்தீனத் தலைமை சிறையிலோ, நாடுகடத்தலிலோ, கல்லறையிலோ இருந்தது. இவர்கள் இன்னும் நல்ல ஆயுதமாக அகிம்சையைத் தேர்ந்திருக்கலாமே என்ற வருத்தத்தை 1938 நவம்பரில் 'ஹரிஜன்' இதழில் காந்தி எழுதினார். பாலஸ்தீனம் அரபு மக்களுடையது என்ற தன் நிலைப்பாட்டையும் அதே கட்டுரையில் பதிந்தார். முதல் ஆறு மாதம் அவருடைய கவனத்துக்கு எந்த அளவுக்கு வந்தது என்று எண்ணத் தோன்றுகிறது.

1945 டிசம்பரில் அரபு லீக் அறிவித்த வர்த்தகப் புறக்கணிப்பை இந்த மரபோடு சேர்க்க நான் தயங்குகிறேன். அது அரசுகளின் பொருளாதாரப் போர். டமாஸ்கஸ் அலுவலகக் கோப்புகளில் நடந்தது. பாலஸ்தீனக் குடியானவனுக்கு அதில் ஒரு வேலையும் இல்லை.

குடிமக்களின் நிலநாள்

1948இல் இஸ்ரேல் உருவானபின் அதற்குள் மிஞ்சிய பாலஸ்தீனர்கள் வாக்குரிமை பெற்ற குடிமக்கள். ஆனாலும் 1966 வரை ராணுவ நிர்வாகத்தின் கீழ் வாழ்ந்தார்கள். பக்கத்து ஊருக்குப் போகவும் பலருக்கு அனுமதிச் சீட்டு வேண்டும். 1976இல் கலிலேயாவில் சுமார் 20,000 தூனம் நிலத்தை அரசு கையகப்படுத்தும் திட்டம் வெளிவந்தது. நாசரேத் மேயராக அப்போதுதான் தேர்வாகியிருந்த கவிஞர் தவ்ஃபீக் சய்யாதும் தோழர்களும் மார்ச் 30 அன்று பொது வேலைநிறுத்தத்துக்கு அழைத்தார்கள். சக்னின், அர்ராபா, தெய்ர் ஹன்னா ஊர்களில் மோதல் மூண்டது. அந்த மோதல்களில் ஆறு பேர் கொல்லப்பட்டார்கள். நிலநாள் இன்றும் ஆண்டுதோறும் அனுசரிக்கப்படுகிறது. சம உரிமை என்ற சொல்லை அதன் நேர்ப்பொருளில் போராட்ட மேடைக்குக் கொண்டுவந்தவர்கள் இவர்கள்தான். கடவுச்சீட்டு ஒன்றாக இருந்தும் நிலச்சட்டம் ஒன்றாக இல்லை என்பது அவர்களின் வழக்கு.

பெய்த் சாஹூரின் மாடுகளும் வரிச்சீட்டுகளும்

மேற்குக் கரையும் காசாவும் 1967இல் இஸ்ரேலால் ஆக்கிரமிக்கப்பட்டன. இருபது ஆண்டுகளில் அந்த மக்கள் ஒரே சமயத்தில் இஸ்ரேலின் கூலிகளாகவும் சந்தையாகவும் வரிகட்டுபவர்களாகவும் ஆனார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் விடிவதற்குள் எழுந்து எல்லை தாண்டிக் கட்டடத்துக்கும் வயலுக்கும் போய்வந்தார்கள். 1936இல் இல்லாத சார்பு இப்போது உருவாகியிருந்தது. ஒத்துழையாமைக்கு வேண்டிய மண் இதுதான்.

1980களின் நடுவில் கிழக்கு ஜெருசலேமில் அகிம்சை ஆய்வு மையம் தொடங்கிய உளவியலாளர் முபாரக் அவாத் இதைக் கண்டுகொண்டார். காந்தி, மார்ட்டின் லூதர் கிங், ஷார்ப் ஆகியோரின் எழுத்துகளை அரபியில் பரப்பினார். ஆக்கிரமிப்பு எதிலெல்லாம் நம் கையை எதிர்பார்க்கிறது என்று பட்டியலிட்டு, அந்தக் கையை எடுக்கச் சொன்னார். பலர் அவரை அமெரிக்கக் கனவுக்காரர் என்று ஒதுக்கினார்கள். 1987 டிசம்பரில் காசாவின் ஜபாலியா அகதி முகாமில் இந்திஃபாதா என்ற மக்கள் எழுச்சி வெடித்தபோது நிலைமை மாறியது. 1988 ஜூனில் இஸ்ரேல் அவரை நாடுகடத்தியது: பிறந்தது ஜெருசலேமில், ஆனால் அமெரிக்கக் குடியுரிமை வாங்கியதால் வசிக்கும் உரிமை போய்விட்டது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. கல்லெறிந்ததாக அவர் மேல் குற்றச்சாட்டு இல்லை.

இந்திஃபாதா என்றால் உதறுதல். ஒருங்கிணைந்த தேசியத் தலைமை என்ற பெயரில் யாரென்று தெரியாதவர்கள் எண்ணிட்ட துண்டறிக்கைகளை வெளியிட்டார்கள். எந்த நாள் முழு அடைப்பு, எத்தனை மணிவரை கடை திறக்கலாம், எந்த இஸ்ரேலியப் பொருளுக்கு உள்ளூர் மாற்று உண்டு என்றெல்லாம் அவற்றில் இருக்கும். கடைக்காரர்கள் காலையில் சில மணி நேரம் திறந்து மூடினார்கள். மூடிய கடையின் பூட்டைப் படையினர் உடைத்தார்கள். மதியமே பூட்டுக்காரர்கள் வந்து சரிசெய்தார்கள். கோடைகால நேரமாற்றத்தைக்கூட இஸ்ரேலுக்கு முந்திச் செய்து, கடிகார முள்ளையும் போராட்டமாக்கினார்கள். அதற்காகக் கைக்கடிகாரத்தை உடைத்த சிப்பாய்களும் உண்டு. பள்ளிகளை ராணுவம் மூடியபோது வீடுகளில் வகுப்பு நடந்தது. 1988 ஆகஸ்டில் மக்கள் குழுக்களே சட்டவிரோதமாயின. பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவரும் சிறைக்குப் போகலாம்.

இதன் உச்சம் பெத்லஹேமை ஒட்டிய பெய்த் சாஹூர். கிறிஸ்தவர்கள் பெரும்பான்மையான, படித்தவர்களும் சிறுதொழில் செய்பவர்களும் நிறைந்த ஊர். காய்கறித் தோட்டம் போடக் கற்றுக்கொடுத்தார்கள். பாலுக்காகக் கிப்புட்ஸ் என்ற இஸ்ரேலியக் கூட்டுப்பண்ணை ஒன்றிலிருந்து பதினெட்டு மாடுகள் வாங்கினார்கள். மாடுகள் இஸ்ரேலின் பாதுகாப்புக்கு ஆபத்து என்று ராணுவம் உத்தரவு போட்டது! மாடுகளை ஒளித்துவைப்பதும் தேடுவதுமாகப் போன அந்த நாட்களை, 2014இல் வெளிவந்த 'தி வாண்டட் 18' என்ற படம் பாதி கேலிச்சித்திரமாகவும் பாதி ஆவணமாகவும் சொல்கிறது. சிரிப்புக்கு அடியில் பொருளாதாரம் இருக்கிறது: பால் நம்முடையதானால் ஒரு சார்பு குறைகிறது.

வரிதான் பெரிய சண்டை. ஆக்கிரமித்த படை புதிய வரி போடச் சர்வதேசச் சட்டத்தில் இடமில்லை, வாங்கும் வரியில் எங்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை, பிரதிநிதித்துவம் இல்லாமல் வரி இல்லை என்று ஊர் கூடிச் சொன்னது. 1988 ஜூலையில் நூற்றுக்கணக்கானோர் அடையாள அட்டைகளை நகராட்சியில் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். 1989 செப்டம்பரில் பாதுகாப்பு அமைச்சர் இட்சாக் ராபின் உறுதியான உத்தரவிட, ஊர் ஏறத்தாழ ஆறு வாரம் முற்றுகையில் இருந்தது. தொலைபேசி துண்டிக்கப்பட்டது, செய்தியாளர்களும் தூதரக அதிகாரிகளும் திருப்பி அனுப்பப்பட்டார்கள். வரி அதிகாரிகள் படையோடு வீடு வீடாகப் போய்க் குளிர்பதனப் பெட்டி, மருந்துக்கடைச் சரக்கு, ஆலிவ் மரச் சிற்பம் செய்யும் இயந்திரம் என்று லாரிகளில் ஏற்றினார்கள். பறிபோன பொருளின் மதிப்பு பத்து லட்சம் டாலருக்கு மேல். நவம்பரில் ஐ.நா. பாதுகாப்பு அவையில் கண்டனத் தீர்மானம் வந்தது. பதினான்கு நாடுகள் ஆதரித்தன, அமெரிக்கா தடுப்பதிகாரத்தால் வீழ்த்தியது. 1773இல் வரியை எதிர்த்துத் தேயிலையைக் கடலில் கொட்டிய நாடு அது.

இந்திஃபாதா முழுக்க அகிம்சை என்று சொன்னால் பொய்யாகும். கல்லும் பெட்ரோல் குண்டும் இருந்தன. உளவு சொன்னார்கள் என்ற சந்தேகத்தில் நூற்றுக்கணக்கான பாலஸ்தீனர்களைப் பாலஸ்தீனர்களே கொன்றார்கள். இஸ்ரேலியப் படையின் கையில் இறந்தவர்கள் ஆயிரத்துக்கு மேல். ஆனாலும் துண்டறிக்கைகளின் கட்டளைகளில் பெரும்பகுதி அகிம்சை வழிகளே என்று 1989இலேயே ஷார்ப் எழுதினார்.

ஆயுதம் கைமாறிய விதம்

1993இல் இஸ்ரேலும் பாலஸ்தீன விடுதலை இயக்கமும் செய்துகொண்டது ஆஸ்லோ ஒப்பந்தம். அதன் பொருளாதாரப் பகுதி 1994இன் பாரிஸ் நெறிமுறை. இறக்குமதி வரியை இஸ்ரேல் துறைமுகத்திலேயே வசூலித்து மாதாமாதம் பாலஸ்தீன அதிகாரசபைக்கு அனுப்பும் என்று அது வகுத்தது. பெய்த் சாஹூர் கட்ட மறுத்த வரி இனி மக்களின் கைக்கே வராது. விரும்பும்போது இஸ்ரேல் அதை நிறுத்திவைக்கலாம், பலமுறை நிறுத்தியும் இருக்கிறது. வரிகொடாமை என்ற ஆயுதம் திரும்பி நின்றது.

உழைப்பும் அப்படியே. 1993 மார்ச்சிலிருந்து எல்லை மூடல்கள் வழக்கமாயின. தாய்லாந்து விவசாயக் கூலிகளும் ருமேனியக் கட்டடத் தொழிலாளர்களும் வந்தார்கள். நிறவெறிக் காலத் தென்னாப்பிரிக்காவின் சுரங்கத்துக்குக் கறுப்பர்கள் இல்லாமல் முடியவில்லை. இங்கே ஆளை மாற்ற முடிந்தது. டெல் அவிவின் மர இறங்குதுறை மறுபடி கட்டப்பட்டது, இம்முறை விமான நிலையத்தில்.

2000இல் தொடங்கிய இரண்டாம் இந்திஃபாதாவை இந்தக் கட்டுரை விரைந்து கடக்கிறது. பேருந்துகளிலும் உணவகங்களிலும் நடந்த தற்கொலைத் தாக்குதல்கள் பொதுமக்களைக் கொன்றன, மக்கள் பங்கேற்பு சுருங்கியது. அதே ஆண்டுகளில் இஸ்ரேல் மேற்குக் கரையில் கட்டிய பிரிவினைச் சுவரின் பாதையில் இருந்த கிராமங்கள் வேறொன்றைச் செய்தன. புத்ருஸில் 2003–04இல் ஆண்களும் பெண்களும் புல்டோசர் முன் நின்று ஆலிவ் மரங்களையும் பெரும்பகுதி நிலத்தையும் காப்பாற்றினார்கள். பிலின் ஊர் 2005 முதல் வெள்ளிதோறும் திரண்டது. இஸ்ரேலியத் தோழர்களும் வந்தார்கள். 2007இல் இஸ்ரேல் உயர் நீதிமன்றம் பாதையை மாற்றச் சொன்னது. வேலி நகர்ந்தது 2011இல்.

வெளியே போன புறக்கணிப்பு

சுவர் சட்டவிரோதம் என்று சர்வதேச நீதிமன்றம் 2004 ஜூலை 9 அன்று கருத்துரைத்தது. சரியாக ஓராண்டு கழித்து, 170க்கும் மேற்பட்ட பாலஸ்தீன அமைப்புகள் உலகத்திடம் ஓர் அழைப்பு வைத்தன: புறக்கணிப்பு, முதலீட்டு விலக்கல், தடைவிதிப்பு. இதுவே பி.டி.எஸ். இயக்கம். ஆக்கிரமிப்பும் சுவரும் ஒழிய வேண்டும், இஸ்ரேலின் பாலஸ்தீனக் குடிமக்களுக்கு முழுச் சமத்துவம் வேண்டும், ஐ.நா. தீர்மானம் 194இன்படி அகதிகள் திரும்ப வேண்டும் என்று மூன்று கோரிக்கைகள். ஆஸ்லோ மேசையில் ஓரங்கட்டப்பட்ட கலிலேயாக் குடிமகனும் லெபனான் முகாம் அகதியும் ஒரே வாக்கியத்துக்குள் திரும்பி வந்தது இதில் முக்கியம். இயக்கத்தின் பலத்தைக் கம்பெனிகளின் இழப்பைக் கொண்டு அளப்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

இழப்பும் இல்லாமலில்லை. பிரெஞ்சு நிறுவனமான வியோலியா 2015இல் இஸ்ரேலில் தன் தொழில்களை விற்றது. சோடாஸ்ட்ரீம் மேற்குக் கரைத் தொழிற்சாலையை மூடி நெகேவுக்குப் போனது; வணிகக் காரணம் என்றது நிறுவனம். அங்கு வேலை பார்த்த நூற்றுக்கணக்கான பாலஸ்தீனர்கள் வேலையிழந்தார்கள் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். இயற்பியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங் 2013இல் ஜெருசலேம் மாநாட்டிலிருந்து விலகினார். எதிர்வினைதான் பெரிது: இஸ்ரேலில் 2011இல் புறக்கணிப்புக்கு அழைப்பவர் மீது இழப்பீட்டு வழக்குத் தொடுக்க வழிசெய்யும் சட்டம், 2017இல் அப்படிப்பட்டவர்களுக்கு நுழைவுத் தடைச் சட்டம், அமெரிக்காவின் முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் எதிர்ச்சட்டங்கள், இயக்கத்தின் வாதங்களை யூத வெறுப்பு என்ற 2019 ஜெர்மன் நாடாளுமன்றத் தீர்மானம். 1933 ஏப்ரலில் யூதக் கடைகள் முன் நாஜிகள் நின்ற நினைவு ஜெர்மனியில் எளிதில் போகாது. அந்த அச்சத்தைப் பாசாங்கு என்று தள்ளுவது முறையல்ல. அதே சமயம் ஓர் அரசின் கொள்கையை எதிர்ப்பதும் ஓர் இனத்தின் கடையை அடைப்பதும் ஒன்றல்ல. புறக்கணிப்புக்கு அழைத்ததற்காக ஆர்வலர்களைத் தண்டித்தது கருத்துரிமை மீறல் என்று 2020 ஜூனில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் பிரான்சுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. விமர்சனம் ஆதரவாளர் பக்கமிருந்தும் வந்தது. நார்மன் ஃபின்கெல்ஸ்டீனும் நோம் சாம்ஸ்கியும் இயக்கத்தின் கோரிக்கைகளையும் உத்திகளையும் கேள்வி கேட்டார்கள்.

பாலஸ்தீன அதிகாரசபையோ ஒதுங்கி நின்றது. மேற்குக் கரையிலுள்ள இஸ்ரேலியக் குடியேற்றங்களின் பொருள்களை மட்டும் தடைசெய்து 2010இல் சட்டம் போட்டது. மண்டேலாவின் மறைவையொட்டி 2013 டிசம்பரில் தென்னாப்பிரிக்கா போன அதிகாரசபைத் தலைவர் மஹ்மூத் அப்பாஸ், இஸ்ரேலைப் புறக்கணிப்பதை ஆதரிக்கவில்லை என்று அங்கேயே சொன்னார். ரமல்லாவில் அவர் அலுவலகம் இருக்கும் வளாகத்தின் பெயர் 'முகாதஆ'. அரபியில் புறக்கணிப்புக்கும் அதே சொல்தான்.

உடல் மட்டும் மிஞ்சியபோது

2018 வாக்கில் காசா மக்களிடம் நிறுத்தி வைக்க ஏறத்தாழ எதுவும் இல்லை: இஸ்ரேலுக்கு நேரே கட்டும் வரி இல்லை, இஸ்ரேலிய வேலை அரிது, ஏற்றுமதியும் அற்பம். 2018 மார்ச் 30, நிலநாளன்று, இஸ்ரேல் எல்லை வேலியருகே கூடாரம் போட்டுத் திரும்பிப் போகும் பேரணி தொடங்கியது. குடும்பங்கள் வந்தன, வேலியருகே டயர் எரித்தவர்களும் நெருப்புப் பட்டம் விட்டவர்களும் இருந்தார்கள். 2019 இறுதிவரை நடந்த பேரணிகளில் 200க்கும் மேற்பட்ட பாலஸ்தீனர்கள் கொல்லப்பட்டார்கள். 36,000க்கும் மேல் காயம். ஓர் இஸ்ரேலியச் சிப்பாயும் சுடப்பட்டு இறந்தார். இஸ்ரேலியச் சிறைகளில் இதே தர்க்கம் உண்ணாவிரதமானது. 2012இல் 66 நாள் பட்டினி கிடந்து விடுதலை பெற்ற பாலஸ்தீனக் கைதி காதர் அத்னான், 2023 மே மாதம் இன்னொரு நீண்ட பட்டினியில் சிறையிலேயே இறந்தார். எதிராளிக்கு உன்னிடமிருந்து தேவை எதுவுமில்லாதபோது, உன் சாவுக்கு அவன் பொறுப்பேற்க நேரும் என்ற ஒரு சங்கடம்தான் பிடி.

இந்தச் சித்திரத்தை 2021 மே 18 குலைத்தது. ஜெருசலேமின் ஷேக் ஜர்ரா பகுதியில் பாலஸ்தீனக் குடும்பங்களை வீடுகளிலிருந்து வெளியேற்றும் முயற்சியை ஒட்டி மூண்ட கொந்தளிப்பில், இஸ்ரேலுக்குள்ளும் மேற்குக் கரையிலும் காசாவிலும் ஒரே நாளில் பொது வேலைநிறுத்தம். பலரும் 1936ஐ நினைவுகூர்ந்தார்கள். கட்டட வேலைக்கு வரவேண்டிய 65,000 பாலஸ்தீனர்களில் 150 பேர் மட்டும் வந்ததாக இஸ்ரேல் கட்டுநர் சங்கம் கணக்குச் சொன்னது. மாற்றிவிட்டோம் என்று நினைத்த கைகள் மாறவில்லை.

அதற்கான விடையும் தயாராகிக்கொண்டிருந்தது. கட்டடத்துக்கும் செவிலியர் பணிக்கும் 42,000 பேரை அனுப்ப 2023 மே மாதமே இந்தியாவும் இஸ்ரேலும் உடன்பட்டன. அக்டோபர் 7 அன்று ஹமாஸ் நடத்திய படுகொலைத் தாக்குதலுக்கும் தொடர்ந்த காசாப் போருக்கும் பிறகு பாலஸ்தீனர்களின் வேலை அனுமதிகள் பெரும்பாலும் முடக்கப்பட்டன. ஹரியாணாவிலும் உத்தரப் பிரதேசத்திலும் கொத்தனார்களுக்கும் கம்பி கட்டுபவர்களுக்கும் திறன்தேர்வு நடந்தது, வரிசை நீண்டது. இந்திய மத்தியத் தொழிற்சங்கங்கள் பல இதை எதிர்த்து அறிக்கை விட்டன. 2024 பிப்ரவரியில், பதினோரு பெரிய துறைமுகங்களில் சுமார் 3,500 பேரைக் கொண்ட இந்திய நீர்வழிப் போக்குவரத்துத் தொழிலாளர் கூட்டமைப்பு, இஸ்ரேலுக்கான ஆயுதச் சரக்கைத் தொட மாட்டோம் என்று அறிவித்தது. யாஃபாவில் தோணிகள் நின்று ஏறத்தாழ எண்பத்தெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. கொத்தனார் வரிசையும் துறைமுக மறுப்பும் ஒரே குளிர்காலத்தில், ஒரே நாட்டிலிருந்து வந்தன.